ஆட்டுக்குட்டியைப் பொறுப்பேற்குமுன்: உதவி நிறுவனங்கள் வீட்டுக்கும் பட்டிக்கும் செய்வது என்ன?

ஊர் திரும்பிய முதல் சில வாரங்களில் உங்கள் வாசலுக்கு வந்துபோகும் ஆட்களை எண்ணினால் கைவிரல்கள் போதாது. ஒருவர் தறப்பாளும் வாளியும் தருகிறார். இன்னொருவர் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்கிறார். மூன்றாமவர் கிணற்றை எட்டிப் பார்த்து, ஆழத்தை அளந்து எழுதிக்கொண்டு போகிறார். ஒரு கிழமை கழித்து வேறு நிறத் தொப்பியுடன் ஒரு பிள்ளை வந்து, ஏற்கெனவே கேட்ட கேள்விகளையே திரும்பவும் கேட்கிறார். "இவையெல்லாம் ஆர், ஏன் இத்தனை பேர் வருகினம், கடைசியில் எங்களுக்கு என்னதான் கிடைக்கும்?" என்று கிராமக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இயன்றவரை இங்கே பதில் சொல்கிறோம். கால்நடை உதவியைப் பற்றிக் கூடுதலாகவே எழுதியிருக்கிறோம். குடும்பங்களுக்கு இடையே மனஸ்தாபம் வருவதும், கொடுத்த உதவி கைநழுவிப் போவதும் அதில்தான் அதிகம்.

யாரிடமிருந்து எது வருகிறது

ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் தருவதில்லை. மீள்குடியேறிய குடும்பத்துக்கான உலர் உணவு, பொதுவாக முதல் ஆறு மாதங்களுக்கு, ஐ.நா. உலக உணவுத் திட்டத்தின் ஊடாக வந்தது. தற்காலிகக் கொட்டில் போடுவதற்கான 25,000 ரூபா அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் கொடுப்பனவாக இருந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தெரிவான குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கிடைத்தது. ஆனால் அது ஒரே தடவையில் கைக்கு வரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரக் கட்டங்கட்டமாக வங்கியில் இடப்பட்டது. மிதிவெடி அகற்றுவோர் தனி. கிணறு, மலசலகூடம் கட்டுவோர் தனி. ஆடு, மாடு, கோழி, விதைநெல், தையல் மெசின் ஆகியவை 'வாழ்வாதார உதவி' என்ற பெயரில் எங்களைப் போன்ற அரச சார்பற்ற நிறுவனங்களிடமிருந்து வருகின்றன.

பணம் தருபவர் எதற்கென்று சொல்லித் தருகிறாரோ அதற்கு மட்டுமே அதைச் செலவிட முடியும். கோழிக்கென்று வந்த பணத்தில் கூரைத்தகடு வாங்கித் தர எங்களால் முடியாது. "கூரை ஒழுகுது, கோழியைக் கொண்டுவந்து என்ன செய்ய?" என்று ஒருவர் கோபப்படும்போது அந்தக் கோபத்தில் பிழை காண முடியாது. அப்போது நாங்கள் செய்யக்கூடியது, கூரைக்குப் பொறுப்பான நிறுவனத்திடம் உங்கள் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எங்கள் அலுவலர் அதைச் செய்யாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வருகிறவர் உண்மையிலேயே ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்று பார்ப்பதும் உங்கள் உரிமை. தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வடமாகாணத்தில் வேலை செய்வதற்கு இதற்கு மேலதிகமாக, 2009 மே மாதத்தில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியின் அனுமதியும் முன்பு வேண்டியிருந்தது. அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயர் பிரதேச செயலகத்தில் தெரிந்திருக்கும். அடையாள அட்டை காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் குடும்ப அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ கொடுக்க வேண்டாம்.

பட்டியலில் பெயர் வருவது எப்படி

"அந்த வீட்டுக்கு நாலு ஆடு, எங்களுக்கு ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை." இதுவே நாங்கள் அதிகம் கேட்கும் முறைப்பாடு. பயனாளி தெரிவு என்பது யார் முதலில் வந்தார் என்பதைப் பார்ப்பதல்ல. யாருக்கு வேறு கை இல்லை என்பதைப் பார்ப்பது. பெண் தலைமை தாங்கும் குடும்பம், அங்கம் இழந்தவர் இருக்கும் குடும்பம், தனித்து வாழும் முதியோர், பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் பேரன் பேத்திமார், வருமானம் தேடக்கூடிய ஒருவருக்கும் சிறு பிள்ளைகள் பலர் உள்ள குடும்பம் ஆகியோர் முன்னுக்கு வருவார்கள். கிராம அலுவலரும், கிராம அபிவிருத்திச் சங்கமும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து முதற்பட்டியலைத் தருகிறார்கள். எமது அலுவலர் வீடு வீடாகப் போய் அதைச் சரிபார்க்கிறார். பின்பு பட்டியல் பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்டப்படும். ஒட்டப்பட்ட நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் யாரும் ஆட்சேபனை சொல்லலாம், விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் கேட்கலாம்.

இந்த முறையிலும் சிலர் விடுபட்டுப் போகிறார்கள். மகளின் குடும்ப அட்டையில் பெயர் பதிந்தபடி முகாமிலிருந்து வந்து, இப்போது தன் பழைய காணியில் தனியே கொட்டில் போட்டிருக்கும் ஐயா ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அவர் இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கென்று எதுவும் வராது. இப்படி ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அவர் கூட்டத்துக்கு வரமாட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வருபவர் யாராவது அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

கணவர் காணாமற்போன பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. 'விதவை' என்று எழுத அவர்களுக்கு மனம் வராது. எழுதச் சொல்ல எங்களுக்கும் உரிமையில்லை. எமது திட்டங்களில் 'பெண் தலைமை தாங்கும் குடும்பம்' என்று பதிவதற்கு மரணச் சான்றிதழ் தேவையில்லை. வீட்டுச் சுமையை நீங்கள்தான் இழுக்கிறீர்கள் என்பதைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தினால் போதும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போனவருக்கு மரணப் பதிவு பெற வழி இருக்கிறது. அதைப் பெறுவதா விடுவதா என்பது முழுக்க உங்கள் முடிவு. ஓர் ஆட்டுக்காகவோ ஒரு தையல் மெசினுக்காகவோ அந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை. சான்றிதழ் கொண்டுவந்தால்தான் உதவி என்று எமது அலுவலர் யாராவது சொன்னால் அது எமது விதியல்ல. உடனே முறையிடுங்கள்.

ஏன் ஆடு, ஏன் கோழி

பசித்தவருக்கு ஒரு கோப்பை பால் கொடுப்பதா, பால் தரும் மாட்டையே கொடுப்பதா என்ற கேள்வி பழையது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அகதிப் பிள்ளைகளுக்குப் பால் பங்கிட்டுக் கொடுத்த டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி, பால் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளின் நிலை என்ன என்று யோசித்ததன் விளைவாக 1944இல் முதன்முதலாக 17 நாகுகள் கப்பலில் போர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பப்பட்டன. பெற்றவர் பிறக்கும் முதல் பெண்கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்த ஒரே நிபந்தனை. இன்று உங்கள் கிராமத்தில் 'சுழற்சி முறை' என்று சொல்லப்படுவது அதே ஏற்பாடுதான். எமது திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு மூன்று மறி ஆடுகள் தரப்படும். முதலில் பிறக்கும் மூன்று மறிக்குட்டிகள் பால்குடி மறந்த பின்பு அடுத்த குடும்பத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு ஆடும் குட்டியும் உங்களுடையவை. கிடாய்க்குட்டிகள் தொடக்கத்திலிருந்தே உங்களுடையவைதான். பிள்ளையின் கொப்பிக்கோ மருந்துக்கோ அவற்றை விற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஆடு ஐந்து மாதத்தில் குட்டி போடும். கவனமாகப் பார்த்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். வேலிக் கதியாலில் நிற்கும் பூவரசும் முள்முருக்கும் கிளிசரியாவும் அதற்குச் சாப்பாடு. மாடு அப்படியல்ல. பால் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் தண்ணீராவது வேண்டும். கிணறு இறைத்துத் துப்புரவாக்காத காணியில், அரைக் கட்டை தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்கும் ஒரு தாய்க்குப் பசுவைக் கொடுப்பது அவர் தலையில் இன்னும் நாலு குடத்தை ஏற்றுவதாகும். கலப்பினப் பசு நிறையப் பால் தரும் என்பது உண்மை. தீவனமும் புண்ணாக்கும் நிழலும் மருந்தும் கேட்கும் என்பதும் உண்மை. நாட்டுப்பசு ஒன்றிரண்டு லீற்றர்தான் கறக்கும், ஆனால் வன்னி வெயிலைத் தாங்கும். கலப்பினப் பசுவோடு நிற்கும் பயனாளியின் படம் ஆண்டறிக்கைக்கு நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பசு ஒரு வருடம் கழித்தும் அதே வீட்டில் நிற்கிறதா என்று போய்ப் பார்க்கும் பழக்கம் எமது துறையில் போதாது என்பது என் அபிப்பிராயம்.

அனர்த்த காலத்தில் கால்நடை உதவி எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சர்வதேச வழிகாட்டி நூல் ஒன்று 2009இல் வெளிவந்தது. அதன் சாரம் நம் ஊர் ஆட்களுக்குத் தெரிந்த விடயமே: புதிய மிருகத்தைக் கொடுக்குமுன், இருக்கும் மிருகத்தைக் காப்பாற்று. தீவனம், தண்ணீர், வைத்தியம், கொட்டில் ஆகியவை இல்லாத இடத்தில் மிருகத்தை இறக்காதே. எனவே உங்களுக்கு எதைத் தருவது என்பதை நாங்கள் மட்டும் தீர்மானிக்கக்கூடாது. கைக்குழந்தையுடன் தனியே இருப்பவருக்குக் கொட்டிலோடு கூடிய பத்துக் கோழி பொருத்தமாக இருக்கலாம். கால் இழந்தவர் ஆட்டைக் கட்டைக்குக் கட்டி, குழை ஒடித்துப் போட்டு வளர்க்கலாம். மேய்ச்சலுக்கு ஓட்டும் மாடு அவருக்குத் தோதில்லை. முதியவர் ஒருவருக்கு மிருகமே வேண்டாமென்று தோன்றலாம். "எனக்கு ஆடு வேண்டாம், அந்தப் பெறுமதிக்குக் கடைச்சாமான் தாருங்கள்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காகப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படாது.

ஆட்டைப் பொறுப்பேற்கும் நாளில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: தடுப்பூசி போட்டாயிற்றா? என்ன வயது? சினையா? எங்கிருந்து வாங்கியது? நொண்டும் ஆட்டையும், மூக்கு ஒழுகும் ஆட்டையும், கழிச்சல் உள்ள ஆட்டையும் ஏற்காதீர்கள். "தருகிறதை வாங்காமல் விட்டால் அடுத்த முறை தரமாட்டினம்" என்று பயப்பட வேண்டாம். நோயுள்ள ஆட்டை ஏற்றால் பக்கத்து வீட்டு ஆடும் சேர்ந்து சாகும். மழை காலத்தில், அதாவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, நாங்கள் ஆடு விநியோகிப்பதில்லை. தரை உயர்த்திய கொட்டில் இல்லாத வீட்டில் அந்த மாதங்களில் குட்டிகள் தப்புவது கடினம்.

தரவையும் சிவப்புப் பலகையும்

இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மிதிவெடி அகற்றும் பணியில் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற சர்வதேச நிறுவனங்களும், டாஷ் போன்ற உள்ளூர் நிறுவனங்களும், இராணுவத்தின் மனிதாபிமானப் பிரிவும் ஈடுபட்டுள்ளன. ஹலோ ட்ரஸ்டும் மாக்கும் 2002இலிருந்து இந்த நாட்டில் வேலை செய்கின்றன. வெயிலில் முகக்கவசத்தோடு முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைத் துருவும் பணியாளர்களில் பலர் இதே மாவட்டங்களைச் சேர்ந்த பெண்கள். அவர்களில் கணவரைப் போரில் இழந்தவர்களும் இருக்கிறார்கள். குடிமனை, பாதை, பாடசாலை, கிணற்றடி ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கப்படுகிறது. பிறகு வயல். மேய்ச்சல் தரவைக்கும் பற்றைக்காட்டுக்கும் கடைசியில்தான் முறை வருகிறது. முகமாலை போன்ற இடங்களில் இந்த வேலைக்குப் பல வருடங்கள் தேவைப்பட்டன.

இதன் பொருள் என்ன? உங்கள் வீட்டுக் காணி பாதுகாப்பானது என்று கையளிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் ஆடு உங்கள் வீட்டுக் காணியோடு நிற்காது. பச்சை தெரியும் இடத்துக்குப் போகும். வருடக்கணக்காக ஆளும் மாடும் போகாத இடத்தில்தான் புல் அதிகம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை ஆடு வாசிப்பதில்லை. அதன் பின்னால் போவது பெரும்பாலும் பாடசாலை விட்டு வந்த பிள்ளை. ஆடு தொலைந்தால் வீட்டில் ஏச்சு விழும் என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு மிதிவெடிப் பயத்தைவிடப் பெரிது.

அதனால் எமது திட்டத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம். நாங்கள் தந்த ஆடோ மாடோ மிதிவெடி எல்லைக்குள் போய்விட்டால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். கிராம அலுவலருக்கும் எமது கள அலுவலருக்கும் தெரிவியுங்கள். அது திரும்பி வராவிட்டால் வேறொன்று தருவோம். சுழற்சிக் கணக்கில் அது உங்கள் கடனாக எழுதப்படாது, கவனக்குறைவு என்றும் பதியப்படாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: "ஆடு போனால் போகட்டும், நீ போகாதே. உன்னை ஏசமாட்டேன்." இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாய் தகப்பன் வாயாலேயே பிள்ளை கேட்க வேண்டும். நாங்கள் பாடசாலையில் நூறு முறை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். பலகைகள் விழுந்திருக்கலாம். விறகுக்கென்று யாராவது கழற்றியிருக்கலாம். மழைக்கு மண் அரிபட்டு, புதைந்திருந்தது மேலே தெரியலாம். ஐமிச்சமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், பழைய இரும்புக்காரருக்கென்று எடுக்காதீர்கள். இடத்தை நினைவில் வைத்து, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். நிற்பது மிதிவெடிப் பகுதிக்குள் என்று தெரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று சத்தம்போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடும் சத்தம் கேட்டு ஓடி வருபவரையும் உள்ளே வரவேண்டாமென்று தடுங்கள்.

மிதிவெடி அகற்றுவோருக்கு உங்கள் உதவியும் தேவை. எந்தத் தரவையில் மாடு வெடியில் சிக்கியது, எந்த ஒழுங்கை முகப்பில் காவலரண் இருந்தது என்ற தகவல்களை வைத்துத்தான் அவர்கள் அளவைப் படத்தைத் திருத்துகிறார்கள். நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் நடந்ததை மேய்ச்சல்காரர் அறிந்திருப்பார். செத்த மாட்டின் எலும்பு கிடக்கும் இடம்கூட அவர்களுக்குப் பயன்படும் தகவல்தான். போய்ப் பார்த்து உறுதி செய்யும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

குறி சுட்ட மாடும் கட்டாக்காலி மாடும்

இடம்பெயரும்போது கயிற்றை அறுத்துவிட்ட மாடுகள் காடேறின. சில செத்தன. சில பெருகி, இன்று யாருடையவை என்று சொல்ல முடியாத கட்டாக்காலி மந்தைகளாகத் திரிகின்றன. "அது என்ர மாட்டின்ர கன்று" என்று இரண்டு குடும்பங்கள் உரிமை கோருவது புதிதல்ல. பழைய குறி தெரிந்தால் பிரதேச செயலகத்திலுள்ள குறிப்பதிவோடு ஒப்பிடலாம். பதிவுத் துண்டு தொலைந்திருந்தாலும் கிராம அலுவலரிடம் போய் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். குறியில்லாத மாட்டைப் பிடித்துக் குறி சுடுவது பிறகு வழக்கில் முடியலாம். புதிதாகக் கிடைத்த மாட்டுக்குக் காதில் அடையாளத் தகடு போடுவதையும் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். களவு போன மாட்டைத் தேடப் போகும்போது பொலிசார் முதலில் கேட்பது அதைத்தான்.

நோயும் நாயும்

பிரதேசத்துக்கொரு அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. கால்வாய் நோய், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான தடுப்பூசி மழைக்கு முன்பே போடப்பட வேண்டும். தடுப்பூசி நாள் அறிவிக்கப்படும்போது மாட்டைக் கட்டி வைத்திருங்கள். தரவையில் நிற்கும் மாட்டைத் துரத்திக்கொண்டு வைத்தியர் ஓட முடியாது. போக்குவரத்து எரிபொருள், குளிர்ப்பெட்டி, உதவி ஆட்கள் ஆகியவற்றைத் தொண்டு நிறுவனங்கள் தருகின்றன. ஊசி போடுவது அரச உத்தியோகத்தர்தான். பால் விற்க விரும்புவோர் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்வது நல்லது. தனியே நின்று வியாபாரியிடம் விலை பேசுவதைவிட அது மேல்.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவி நிறுவனம் நாய்க்கு ஊசி போடப் பணம் செலவழிப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். ஆட்கள் இல்லாத வருடங்களில் நாய்கள் தாமாகப் பெருகின. அவற்றுக்கு யாரும் ஊசி போடவில்லை. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி மனிதரில் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. ஆனால் கடித்தவுடன் சிகிச்சை எடுத்தால் நோய் வராமலே தடுக்கலாம். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் பூசாதீர்கள். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். குட்டி நாய் கீறினாலும் இதுதான் முறை. வீட்டு நாய்க்கு வருடத்துக்கொரு தடவை ஊசி போடுவியுங்கள்.

விசர் மாட்டுக்கும் வரும். தொண்டையில் ஏதோ இறுகியதுபோல் மாடு எச்சில் ஒழுக விட்டுக் கத்தும். தீனி அடைத்திருக்கும் என்று நினைத்து அதன் வாய்க்குள் கைவிட்டவர்கள் சிகிச்சை எடுக்க வேண்டியவர்கள். அப்படியொரு மாட்டைக் கண்டால் கைவைக்காமல் வைத்தியருக்கு அறிவியுங்கள்.

நாயை அடித்துக் கொல்வது தீர்வல்ல. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். கருத்தடையும் ஊசியும் போட்ட நாய் அந்த ஒழுங்கையில் நிற்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. ஊசி முகாம் உங்கள் கிராமத்துக்கு வரும்போது, உரிமையாளர் இல்லாத நாய்க்கு ஒருநாள் சோறு வைத்துப் பழக்கிப் பிடித்துக் கொடுக்கப் பிள்ளைகளைவிட வயதுவந்தவர்களே முன்வர வேண்டும்.

அங்கம் இழந்தோருக்கும் முதியோருக்கும்

செயற்கைக் கால் ஒரு தடவை பொருத்தினால் முடிந்துவிடுவதல்ல. பெரியவருக்குச் சில வருடங்களில் தேயும். வளரும் பிள்ளைக்கு அதைவிட வேகமாகச் சிறுத்துப் போகும். சேற்றில் வேலை செய்பவர், ஆடு கட்டுபவர், சைக்கிள் ஓட்டுபவர் தம் வேலையைச் சொல்லித்தான் அளவு கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறது. கால் உரசிப் புண்ணாகிறது என்பதற்காக அதைக் கழற்றி மூலையில் வைத்தவர்கள் திரும்பிப் போய்ச் சரிசெய்விக்கலாம். போக்குவரத்துச் செலவுக்கு உதவி இருக்கிறதா என்று எமது அலுவலரிடம் கேளுங்கள். கண்ணில் வெள்ளை படர்ந்த முதியோருக்கு வில்லை பொருத்தும் சத்திரசிகிச்சை முகாம்களைப் பற்றியும் கேட்டு வையுங்கள். பார்வை திரும்பிய அம்மம்மா ஒருவர் கோழி பார்க்கவும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் முடிந்தால், அந்த வீட்டுத் தாய் கூலி வேலைக்குப் போகலாம்.

கேட்கக்கூடாததை யாராவது கேட்டால்

இங்கே சொன்ன எந்த உதவிக்கும் விலை இல்லை. பெயரைப் பட்டியலில் போட, நல்ல ஆடாகப் பார்த்துத் தர, படிவம் நிரப்ப, வீட்டுப் பணத்தின் அடுத்த கட்டத்தை விடுவிக்க யாராவது காசு கேட்டால் அது இலஞ்சம். மதம் மாறச் சொல்லியோ, குறிப்பிட்ட கட்சிக்கு வாக்களிக்கச் சொல்லியோ உதவியைக் காட்டக்கூடாது. செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவையில் இது தெளிவாக இருக்கிறது.

பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்கிறோம். உதவி தருபவர், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், இரவில் வீட்டுக்கு வருவதற்கோ, தொலைபேசியில் தனிப்பட்டுக் கதைப்பதற்கோ, உடலைத் தொடுவதற்கோ உரிமை உள்ளவரல்ல. "உங்களுக்குச் செய்து தருகிறேன், நீங்களும் எனக்கு..." என்று பேச்சுத் தொடங்கினால் அது குற்றம். அந்தக் குற்றம் முழுவதும் கேட்டவருடையது. அப்படி நடந்திருந்தால் முறைப்பாடு செய்ததற்காக உங்கள் ஆடோ வீட்டுப் பணமோ நிறுத்தப்படாது. எமது அலுவலகத்தில் முறைப்பாடுகளைப் பெறுபவர் ஒரு பெண். அவர் களத்தில் விநியோகம் செய்பவர்களின் கீழ் வேலை செய்பவரல்ல. பெயர் சொல்லாமலும் முறையிடலாம். பொதுநோக்கு மண்டபத்திலுள்ள பூட்டிய பெட்டியில் போடலாம், பின்னட்டையிலுள்ள இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது மாதர் சங்கத் தலைவியூடாகச் சொல்லி அனுப்பலாம். பெட்டியின் திறப்பு கிராமத்தில் யாரிடமும் இல்லை. பெயர் தந்து முறையிட்டவருக்கு 14 நாட்களுக்குள் பதில் வரும். வராவிட்டால் பிரதேச செயலாளரிடம் நேரே போங்கள்.

அடுத்த பயனாளி கூட்டத்துக்கு வரும்போது குடும்ப அட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அடையாள அட்டை தொலைந்தவர்களும் வாருங்கள். கிராம அலுவலர் அங்கேயே விண்ணப்பப் படிவம் தருவார். நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் வீட்டு இலக்கத்தை எழுதித் தாருங்கள். நாங்கள் அங்கே வருவோம்.